பதினான்கு குதிரைகள் போன இடம்

அன்புள்ள எட்வினுக்கு,

போன மாதம் நீ நிர்மலாவை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, சாப்பிடும் நேரத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க ரெண்டு பேர் கல்யாணத்த யார் மாமா பேசி முடிச்சது?" உன் நைனா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "யாரும் பேசல கண்ணு. உங்க அத்தை என்னை அளந்து பாத்துத்தான் கட்டிக்கினா" என்றார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு அப்பளம் எடுத்துவர உள்ளே போய்விட்டேன். ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எட்வின். அது அப்படியே நடந்தது. உனக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. அதற்குள் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது. நீ வங்கியில் கணக்குப் பார்க்கிறவன், எஞ்சின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இத்தனை வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவளுக்கு இதுகூட வராவிட்டால் எப்படி?

உன் தாத்தா, என் அப்பா, சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஜீப் ஓட்டியவர் என்பது உனக்குத் தெரியும். அந்த வளாகத்தில்தான் நான் வளர்ந்தேன். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பந்தயக் கார் இருந்தது. என்னைவிட வயதில் மூத்த கார். கரும்பச்சை நிறம், மேலே மூடி கிடையாது, சைக்கிள் சக்கரம் போலக் கம்பி போட்ட சக்கரங்கள், பானெட்டைக் குறுக்கே இறுக்கிப் பிடித்த ஒரு தோல் வார். அது வேப்பமரங்களுக்கு நடுவே புறப்பட்டுப் போகும்போது, வெறுங்காலோடு நிற்கும் என் பாதங்களில் தரை துடிப்பது தெரியும். தொலைவில் போகிற ஒன்று என் காலுக்குள் எப்படி வந்தது என்று அன்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிற்பாடு நான் இயற்பியல் எடுத்துப் படித்ததற்கு வேறு காரணம் எதையும் நான் தேடியதில்லை.

டாக்டர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது கார் ஓடாத நிலையில் இருந்தது. அதை அவர் உன் நைனாவிடம் விட்டுப் போனார். நைனாவுக்கு அப்போது பேட்டையில் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. கை ராசிக்காரர் என்று பெயர். நானும் அவரும் ஒரே சபை. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், ஆண்கள் வரிசையில் ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கிரீஸ் படாமல் விரல் நுனியால் பிடித்துக்கொண்டு பாடுகிற ஆள். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது. நான் திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் சித்தூர் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் லாரி ஒன்றின் அடியில் வேலை செய்தபோது ஜாக்கி வழுக்கி, உன் நைனாவின் வலது முன்னங்கை நசுங்கியது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்கு எடுத்துப் போய்க் கட்டுப் போட்டார்கள். எலும்பு அழகாகக் கூடிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கை கோணலில்லாமல் இருப்பதை நீ பார்க்கிறாய். ஆனால் நசுங்கியபோதே நரம்பு செத்திருந்தது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் அந்தப் பக்கத்து உள்ளங்கையும் மரத்துப்போயின. விரல் அசையும், பிடிக்கும், தூக்கும். ஆனால் எதைத் தொடுகிறோம் என்று சொல்லாது. மெக்கானிக்குக் கை என்றால் பலம் மட்டுமா? ஒரு போல்ட் எப்போது போதும் என்கிறது, எப்போது அறுந்துபோவேன் என்கிறது என்பதை விரல்தானே கேட்கிறது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு ஷெட்டுக்குப் போனார்கள். உன் பெரியப்பா, அண்ணன் என்ற பொறுப்பில், பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஆளைப் பிடித்து ஏற்பாடு செய்தார். நைனா அதற்கு ஒரு தவணை கேட்டார். "டாக்டர் வண்டிய நானே பிரிச்சு நானே கட்டறேன். அது மொகிலி மலை ஏறிச்சுன்னா என்னை விட்ரு. ஏறலன்னா நீ சொல்ற எடத்துல உக்காந்து சாமான் எண்ணறேன்." பெரியப்பா ஒப்புக்கொண்டார்.

நைனா அந்த வண்டியை எஞ்சினிலிருந்து ஆக்ஸில் வரை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, ஒற்றை ஆளாக மறுபடி கட்டினார். ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பலமனேர் ரோட்டில் புறப்பட்டார். பலமனேரில் இருக்கும் அக்காவைப் பார்க்க நானும் அதே ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மொகிலி மலைப்பாதையின் பெரிய வளைவில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், ரோட்டுக்கு நடுவே அந்தக் கரும்பச்சைக் கார், மூக்கிலிருந்து ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி, "பண்டி பக்ககு தீயண்டி!" என்று வண்டியை ஓரம்கட்டச் சொல்லிக் கத்த, பயணிகள் இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, "போதும்டா தாசு. எஞ்சின்ல உயிரே இல்ல. உங் கை கட்டின லட்சணம் இதான்" என்றார்.  உன் நைனா பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு, செத்துப்போன மாட்டின் பக்கத்தில் நிற்பவரைப் போல நின்றார்.

எனக்கு ஏன் பொறுக்கவில்லை என்று இன்றும் தெரியவில்லை. சிறு வயதில் என் காலடியைத் துடிக்கவைத்த வண்டி அது என்பதாலா, அந்த முகத்தைப் பார்த்ததாலா? பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய், "எஞ்சின் மேல எதுக்குப் பழி போடறீங்க? எஞ்சின் செய்யற சக்தி வேற, சக்கரத்துக்கு வந்து சேர்ற சக்தி வேற. நடுவுல கியர் பெட்டி இருக்குது, நீளமா ஒரு தண்டு இருக்குது, பின்னால ஆக்ஸில் இருக்குது. எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் துன்னுட்டுத்தான் மிச்சத்தக் கொடுக்கும். ரெண்டையும் தனித்தனியா அளந்து பாக்காம எப்படிச் சொல்றீங்க?" என்றேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. பெரியப்பா, "நீ ஜீப் டிரைவர் பொண்ணு தானே?" என்று மட்டும் கேட்டார். உன் நைனா கேட்டது வேறு. "அளக்க முடியுமா டீச்சரம்மா?" அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அதுவரை யாரும் அவரிடம் நம்பிக்கையாக ஒரு சொல் சொல்லவில்லை போலிருக்கிறது.

முடியும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று பஸ்ஸில் உட்கார்ந்துதான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கப் பெரிய பெரிய ஊர்களில் உருளைகள் வைத்த இயந்திரங்கள் இருக்குமாம். நமக்கு எதற்கு? மலை இருக்கிறதே! இவ்வளவு எடையை, இவ்வளவு உயரத்துக்கு, இவ்வளவு நேரத்தில் தூக்கினால் அதுதான் சக்தி. குதிரைத்திறன் என்று ஒருவன் கணக்குப் போட்டதே, குதிரை எவ்வளவு எடையை எவ்வளவு வேகத்தில் தூக்கும் என்று பார்த்துத்தான். மொகிலி மலை அத்தனை காலமாக அங்கே படுத்திருக்கிறது. அது ஒரு தராசு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பஸ் ஏறிக்கொண்டே இருந்தது. எஞ்சின் முனகுவதும், ஜன்னலில் பாறைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதும் எனக்கு ஒரே கணக்கின் இரண்டு பக்கமாகத் தெரிந்தன. வகுப்பில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருந்த சூத்திரம்தான். அன்றுதான் அது எழுந்து நடந்தது.

அடுத்த விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து உயரம் காட்டும் ஒரு வட்டப் பெட்டியும் ஒரு ஸ்டாப் வாட்சும் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் எடை. சித்தூர் வெல்ல மண்டியில் வண்டியோடு நிறுக்கிற எடைமேடை இருக்கிறதே, அதில் காரை ஏற்றி, உன் நைனாவும் பெரியப்பாவும் உள்ளே உட்கார்ந்தபடியே நிறுத்தோம். மண்டிக்காரர்கள் வெல்லத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருவர், "ஏம்மா, காரு கிலோ எவ்ளோ?" என்று கேட்டார். பிறகு மலையடிவாரம். அங்கே ஒரே சீராக ஏறுகிற நேர் ரோடு ஒன்று இருந்தது. நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இருந்த மைல் கல்லிலிருந்து மேலே இருந்த கல் வரை நடந்தேன். நான் நடக்க நடக்க, பெட்டிக்குள் முள் மெல்ல நகர்ந்தது. என் கால் ஏறுவதை ஒரு முள் காற்றின் அழுத்தத்தைக் கேட்டே தெரிந்துகொள்கிறது! அந்த வெயிலில், புளியமர நிழலில், நான் தனியாக நின்று சிரித்தேன்.

உன் நைனா கீழ்க் கல்லுக்கு முன்பிருந்தே வேகம் பிடித்து, முழு விசையில் ஏறி வந்தார். கீழ்க் கல்லைத் தாண்டும்போது பெரியப்பா காருக்குள்ளிருந்தே துண்டை உயர்த்திக் காட்டியதும் நான் கடிகாரத்தை அழுத்தினேன். மேல் கல்லைத் தாண்டியதும் நிறுத்தினேன். மூன்று முறை. காருக்கு மூச்சு வாங்கியது. கணக்குப் போட்டேன். டாக்டர் விட்டுப்போன கையேட்டில் எஞ்சினுக்கு இருபத்து நான்கு குதிரை என்று போட்டிருந்தது. மலை சொன்னது ஒன்பது. எப்படிப் பார்த்தாலும் ஒன்பதுதான்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "தெரிஞ்சுபோச்சு இல்ல? தாசு, திங்கக்கிழம டிப்போவுக்குப் போலாம்." நான், "பாதிதான் தெரிஞ்சிருக்குது" என்றேன். "எஞ்சின் ஒம்பதுதான் செய்யுதா, இருவத்தி நாலு செஞ்சு நடுவுல எங்கியாவது போய்க்கினு இருக்குதா? எஞ்சினைத் தனியா அளந்தாத்தான் தெரியும். திருப்பதி என்ஜினீயரிங் காலேஜ்ல அதுக்குக் கருவி இருக்குது. ஒரு வாரம் பொறுங்க." பெரியப்பா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர் எட்வின், உன் பெரியப்பா. அவருக்குத் தம்பியின் ஷெட் மூடவேண்டும் என்ற ஆசை இல்லை. தம்பி நம்பி நம்பி ஏமாறுவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். "சரி, இதுவே கடைசி" என்றார்.

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, லாரியில் வைக்கோல் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குக் கொண்டு வந்தார்கள். அந்த என்ஜினீயரிங் கல்லூரியில் ராமமூர்த்தி சார் என்று ஒரு லெக்சரர், தெலுங்குக்காரர், இந்த மாதிரி வேலை என்றால் சோறு வேண்டாம் அவருக்கு. எஞ்சினை ஒரு மேடையில் பூட்டி, அது சுழற்றும்படி ஒரு இரும்பு உருளையை மாட்டினார். இரண்டு மரக்கட்டைகள் அந்த உருளையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். கட்டையோடு சேர்த்து ஒரு நீளமான இரும்புக் கை. கையின் நுனி ஒரு தராசின் மேல் உட்கார்ந்திருக்கும். உருளை சுற்றும்போது கட்டையையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். தராசு போகவிடாது. எஞ்சின் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று தராசு காட்டும். எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று இன்னொரு கருவி காட்டும். இரண்டையும் சேர்த்தால் எஞ்சினின் சக்தி. ஒரு ஆளின் கையைப் பிடித்து மேசையில் சாய்த்துப் பார்ப்பது போலத்தான்.

எஞ்சின் உயிர் பிடித்தபோது அந்தக் கூடத்தின் ஜன்னல் கண்ணாடியெல்லாம் பாடியது. ராமமூர்த்தி சார் கட்டைகளை இறுக்க இறுக்க, அது அடித்தொண்டைக்குப் போய் உறுமியது. கட்டை கருகும் வாசனை வந்தது. உருளைமேல் ஊற்றிய தண்ணீர் ஆவியாக எழுந்து மூங்கில்போல நின்றது. உன் நைனா பக்கத்தில் குனிந்து, இடது கையால் ஒரு சிறு திருகாணியை மயிரிழை அளவு திருப்பினார். உறுமல் தெளிந்தது. தராசு முள் இன்னும் கொஞ்சம் எழுந்தது. சார் திரும்பி, காதில் விழாது என்று விரல்களைக் காட்டினார். இரண்டு கையையும் விரித்து இரண்டு முறை. பிறகு மூன்று விரல்.

இருபத்து மூன்று.

 அத்தனை வருடம் பழைய எஞ்சின், இன்னும் ஒரே ஒரு குதிரையைத்தான் தொலைத்திருந்தது. சார் உன் நைனாவின் தோளைத் தட்டி, "பாகா சேசாரு, சாலா பாகா சேசாரு" என்று தெலுங்கில் திரும்பத் திரும்பப் பாராட்டினார். பெரியப்பா தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அன்னிக்கு ஆளுங்க முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றார். உன் நைனா தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். நான் பார்க்காதவள்போல இருந்துவிட்டேன்.

அப்புறம்தான் என்னிடம் வந்து, "அப்போ பதினாலு குதிர எங்க டீச்சரம்மா?" என்றார். ஒரு குழந்தை நட்சத்திரத்தைக் காட்டிக் கேட்பதுபோல் இருந்தது. சக்தி காணாமல் போகாது, எட்வின். அதுதான் இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயம். அது உருமாறும். சக்கரத்துக்கு வராமல் நடுவில் நிற்கிற சக்தி சூடாக மாறும். "சூடு எங்க இருக்குதோ அங்கதான் உங்க குதிரைங்க இருக்குது" என்றேன்.

எஞ்சினை மறுபடி பூட்டி, அதே நேர் ரோட்டில் ஒருமுறை முழு விசையில் ஏற்றி நிறுத்தினோம். உடனே உன் நைனா கீழே படுத்து உள்ளே நகர்ந்தார். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து எட்டிப் பார்த்தேன். கியர் பெட்டி இளஞ்சூடு. சக்கரத்தின் நடுப்பாகம் இளஞ்சூடு. அவர் இன்னும் உள்ளே போய், பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பெரிய இரும்பு உருண்டையின் மேல் வலது கையின் சுண்டு விரல் ஓரத்தை வைத்தார். "இங்க ஒண்ணும் இல்லியே, சில்லுன்னுதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கையை எடுக்காமல் படுத்திருந்தார். அவருடைய கை வேகும் வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது.

"கையை எடுங்க! கை வேவுது!" என்று கத்தி, சட்டையைப் பிடித்து இழுத்தேன். சுண்டு விரலிலும் உள்ளங்கை ஓரத்திலும் தோல் வெளுத்துக் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. அவர் அதை ஏதோ வேறு ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பெரியப்பா ஓடிவந்து குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதன்மேல் ஊற்றினார். மிச்சத் தண்ணீரில் கொஞ்சம் அந்த இரும்பின் மேல் தெறித்து, சுரீரென்று கத்தி மறைந்தது. பதினான்கு குதிரைகளையும் கண்டுபிடித்துவிட்டோம். எங்களில் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை.

காயம் கொஞ்சம் ஆறியதும் ஆக்ஸிலைப் பிரித்தார்கள். எஞ்சினிலிருந்து வரும் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் இருந்த பேரிங், மயில் கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது. சூடானால் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் சூடாகும். மலை ஏற ஏற வண்டியின் கழுத்தை அதுவே நெரித்திருக்கிறது. உன் நைனா அந்த நட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். "இத நாந்தான் இறுக்கினேன். இவ்ளோ போதும்னு விரல் சொல்லும். அன்னிக்கு அது ஒண்ணுமே சொல்லல. கயண்டுக்கினு போயிட்டா பக்கத்துல உக்காந்திருக்கிறவன் உயிர் போயிடும்னு பயந்துக்கினு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இறுக்கிட்டேன்." பிறகு நட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு, "அண்ணன் சொன்னதுதான் சரி. டிப்போவுக்கே போறேன்" என்றார்.

 அளந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தவள் நான். அளந்து அளந்து அவரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். வாயைத் திறந்தவர் உன் பெரியப்பா. ஷெட்டின் கதவில் சாய்ந்து நின்றபடி, என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, எஞ்சின அளந்தே. மலையையே அளந்தே. ஒரு நட்டு எவ்ளோ இறுகியிருக்குதுன்னு அளக்க உனக்குத் தெரியாதா?"

இன்றுவரை என் காதில் விழுந்த கேள்விகளிலேயே உயர்ந்த கேள்வி அதுதான். பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஜெயித்துவிட்ட ஒருவர், தம்பி தானாகவே தோற்று உட்கார்ந்திருந்த நேரத்தில், தம்பிக்காகக் கேட்டார் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியும், எட்வின், அதற்கும் வழி இருந்தது. நட்டை இறுக்கிய பிறகு தண்டின் மேல் ஒரு நூலைச் சுற்றி, நூலின் நுனியில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால், தண்டு எவ்வளவு இழுப்புக்குச் சுழல ஆரம்பிக்கிறது என்று தராசே சொல்லிவிடும். விரல் சொல்ல வேண்டிய சேதியை முள் சொல்லும். ராமமூர்த்தி சாரிடம் கேட்டு, எவ்வளவு இழுப்பு இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தேன். மெட்ராஸிலிருந்து புதுப் பேரிங் வந்தது. கட்டுப் போட்ட கையோடு உன் நைனா நட்டைத் திருப்ப, நான் நூலை இழுக்க, பெரியப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முள்ளைப் படித்தார். "இன்னும் கொஞ்சம். ஆங்... போதும்டா, வுடு." அந்தப் 'போதும்' என்ற சொல்லைக் கேட்டதும் நைனாவின் தோள் இறங்கியது இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியவில்லை. போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்த தோள் அது.

நிர்மலாவோடு வாழப் போகிறாய். ஒரு நாள் அவள் உன் முன்னால் மூச்சு வாங்கி நிற்பாள், அல்லது நீ அவள் முன்னால் நிற்பாய். உயிரே இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. உள்ளே இருபத்து மூன்று ஓடிக்கொண்டிருக்கலாம். வழியில் எங்கேயோ பயத்தில் ஒரு நட்டு இறுகியிருக்கலாம். இதற்கு மேல் நான் உபதேசம் செய்யவில்லை. மிச்சக் கதையைக் கேள்.

மறுபடி மொகிலிக்குப் போனோம். முதலில் அதே நேர் ரோடு, அதே இரண்டு கற்கள். மலை இந்தமுறை பதினெட்டு என்றது. பிறகு உச்சிவரை போகவேண்டும் என்று பெரியப்பாவே அடம்பிடித்தார். இருவர் உட்காரும் வண்டியில் மூன்று பேர். மடக்கி வைத்த கூரைத் துணியின் மேல் பெரியப்பா பின்னால் ஏறி உட்கார்ந்து, எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டார். வண்டி முன்பு செத்து நின்ற பெரிய வளைவு வந்தது. நைனா கியரைக் குறைத்தார். எஞ்சின் ஒருமுறை கனைத்தது. வளைவு எங்களுக்குக் கீழே போய்விட்டது. பெரியப்பா என் காதுக்குப் பின்னால், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கத்திக்கொண்டே வந்தார். மரங்களும் பாறைகளும் வானமும் எங்களை நோக்கி இறங்கி வந்தன. பூமி இழுக்கிறது, நாங்கள் ஏறுகிறோம். எந்தக் காலத்திலோ பூமிக்கடியில் புதைந்த ஏதோ ஒரு வெயில் பெட்ரோலாகி, இந்தச் சின்ன இரும்புக்குள் எரிந்து எங்களைத் தூக்குகிறது. நான் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு ஆராதனையில்கூட எனக்கு அப்படி இருந்தது கொஞ்ச நேரம்தான்.

உச்சியில் வண்டியை நிறுத்தியதும் பெரியப்பா இறங்கி, வளைவுகள் செய்த வேலையில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்லா கீதுடா வண்டி" என்றார். உன் நைனா என்னிடம், "இன்னும் அஞ்சு குதிர பாக்கி இருக்குதே, அது எங்க போவுது?" என்று கேட்டார். "எண்ணெய்க்குக் கொஞ்சம், கியர் பல்லுக்குக் கொஞ்சம், டயருக்குக் கொஞ்சம். அதெல்லாம் சூடாகி ரோட்டுக்கும் காத்துக்கும் போயிடும். அத யாராலயும் நிறுத்த முடியாது" என்றேன். அவர் ஏறி வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ மலையும் நம்மளால கொஞ்சம் சூடாயிருக்கும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. தொப்பி இருந்தால் கழற்றியிருப்பார், அப்படி ஒரு முகம். படித்தவர்கள் எத்தனையோ பேரிடம் நான் இதே பாடத்தைச் சொல்லியிருக்கிறேன். கேட்டு மலைத்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

இறங்கப் புறப்பட்டபோது பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எனக்கு பஸ்ஸே போதும்பா." அவர் சித்தூர் பஸ்ஸில் ஏறிப் போனார். உன் நைனா சாவியை எடுத்தார். எனக்கு என்ன துணிச்சலோ, "எங்கப்பா எனக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்காரு" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

மலைப்பாதை முழுக்க நான்தான் ஓட்டினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எதிரே வந்த லாரிக்காரர்கள் பாதி உடம்பை வெளியே நீட்டி, சேலை கட்டிய டிரைவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். உன் நைனா ஒருமுறைகூட, "பாத்து" என்று சொல்லவில்லை. ஸ்டியரிங் பக்கம் கை வரவில்லை. தரைப் பலகையைக் காலால் அழுத்தவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்கோலம் போகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். தன் கையையே நம்பப் பயந்திருந்த மனிதர், என் கையை நம்பி அப்படி உட்கார்ந்திருந்தார். பாதி மலை இறங்குவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். இரும்பு ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அது மட்டும்தான் கேட்டது. நம் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள் அல்லவா? உன் நைனா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரும் தனியா எறங்கி வந்தத மூணு லாரி, ஒரு பஸ் பாத்துச்சு. நாளைக்கு சபையில வாயாலியே ஓலை படிச்சுடுவாங்க. அதுக்கு முன்னால நாமளே குடுத்துடலாமா?" என்றார்.

"ஆட்சேபணை இல்ல" என்றேன்.

கல்யாணத்தன்று அழாமல் இருக்கப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிற
அம்மா